மாஸ்டரைக் கேளுங்கள்: ராணுவத்துக்குப் போகும் துணி

போன இதழில் சட்டைத் துணி சுருங்குவதைப் பற்றிய பதிலில், ஈரோட்டுப் பக்கம் ஒரு மில்லின் சாயப் பிரிவில் 31 வருடம் இருந்தேன், அதில் பாதிக்கு மேல் ராணுவத்துக்கும் போலீஸுக்கும் போகிற துணிதான் என்று போகிற போக்கில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. இந்த இதழ் முழுக்க அந்தக் கேள்விகளுக்கே.

மாஸ்டர் ஐயா, ஜவுளித் தொழில்நுட்பம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ராணுவத் துணி என்றால் கிழியாத துணி என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். வேறு என்ன வித்தியாசம்?
— மாணவர், கோவை

கிழியாத துணி நெய்வது பெரிய வித்தை இல்லை, தம்பி. நல்ல நூல், நெருக்கமான பாவு ஊடை, டிரில் நெசவு, அவ்வளவுதான். கஷ்டமெல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதில்தான். ஒரு ஜவானுக்கு வரும் சட்டை இங்கே ஒரு மில்லில் மார்ச் மாதம் சாயம் போட்ட லாட்டாக இருக்கும். பேன்ட் வேறு மாநிலத்தில் வேறு மில்லில் செப்டம்பரில் போட்டதாக இருக்கும். இரண்டையும் ஒரே உடம்பில் போட்டுக்கொண்டு அவர் காலை வெயிலில் வரிசையில் நிற்பார். பக்கத்தில் நிற்பவருக்கும் இதே கதை. தூரத்திலிருந்து பார்த்தால் அத்தனை பேரும் ஒரே நிறமாகத் தெரிய வேண்டும்.

அதற்காகத்தான் சீல் வைத்த சாம்பிள். வாங்கும் துறை ஒப்புக்கொண்ட துணியில் ஒரு துண்டு, முத்திரையோடு, வெளிச்சம் படாமல் உறைக்குள் இருக்கும். இன்ஸ்பெக்டர் வந்தால் உறையைப் பிரித்து, எங்கள் துணியை அதன் பக்கத்தில் வைத்து, வடக்குப் பார்த்த ஜன்னலுக்குக் கொண்டு போவார். வடக்கு ஜன்னலில் வருடத்தில் பெரும்பாலும் நேர் வெயில் விழாது, வெளிச்சம் சீராக இருக்கும். டியூப் லைட்டில் இரட்டைப் பிள்ளை மாதிரி தெரிகிற இரண்டு பச்சை, வெளியே வந்ததும் ஒன்று பழுப்படித்து, ஒன்று நீலமடித்து நிற்கும். ஒரே நிறத்தை இரண்டு பேர் வேறு வேறு சாயம் கலந்து எடுத்தால் அப்படித்தான் ஆகும். நிறம் ஒப்பிடுவதற்கென்றே விளக்கு வைத்த லைட் பாக்ஸ் வந்த பிறகும் நான் அந்த ஜன்னலை விடவில்லை.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு ரிஜெக்ஷன். நான் சாய மாஸ்டராகி இரண்டு வருடம் இருக்கும். 4,000 மீட்டர் ஓ.ஜி. டெரிகாட். ஓ.ஜி. என்றால் ஆலிவ் கிரீன். சாம்பிளோடு நிறம் அப்படியே ஒத்துப்போனது. நான் நிம்மதியாக டீ சொல்லப் போனேன். இன்ஸ்பெக்டர் முழு அகலத்துக்கு ஒரு சாண் பட்டை வெட்டினார். இடது ஓரம், நடு, வலது ஓரம் என்று மூன்று துண்டாக்கினார். இடது ஓரத்தை நடுத்துண்டோடு சேர்த்து மெஷினில் ஒரு தையல் போட்டு என் கையில் கொடுத்தார். தையல் ஓடிய இடத்தில் கோடு கிழித்த மாதிரி நிறம் பிரிந்தது. நடு அடர்த்தி, ஓரம் வெளிர். "இதில் சட்டை வெட்டினால் உடம்பு ஒரு நிறம், கை ஒரு நிறமாக வரும். நீங்கள் போட்டுக்கொள்வீர்களா?" என்று கேட்டார். முழு லாட்டும் திரும்பியது.

அன்று ராத்திரி ஷிஃப்டில் சாயத்தில் நனைந்த துணியைப் பிழியும் பேடிங் மேங்கிள் மெஷினின் இரண்டு ரோலருக்கும் நடுவில் வெள்ளைத் தாளும் கார்பன் தாளும் வைத்து அழுத்திப் பார்த்தோம். ஓரங்களில் கறுப்பாகப் பதிந்தது. நடுவில் சாம்பலாகத்தான் பதிந்தது. ரப்பர் ரோலர் நடுவில் தேய்ந்திருந்தது. அங்கே பிழிவு குறைவு, அதனால் துணி சாயத்தை அதிகம் குடித்திருக்கிறது. கையால் தடவிப் பார்த்தால் தெரியாத தேய்மானம் அது. ரோலரைக் கழற்றிக் கடைசலுக்கு அனுப்பினோம். துணியைக் கறுப்பாக மறுசாயம் போட்டுக் கிடைத்த விலைக்குத் தள்ளினோம். அதன் பிறகு ஓய்வு பெறும் வரை ஒவ்வொரு திங்கட்கிழமையும் கார்பன் தாள் வைத்துப் பார்க்காமல் நான் மெஷினை ஓட்டச் சொன்னதில்லை.

உங்கள் பாடப் புத்தகத்தில் இதற்கு 'லிஸ்டிங்' என்று இரண்டு வரி இருக்கும். அந்த இரண்டு வரியை நன்றாகப் படியுங்கள்.

அண்ணா, எங்களுக்கு 24 தறி இருக்கிறது. ராணுவ ஆர்டர் எடுத்தால் வருடம் முழுக்க வேலை ஓடும் என்கிறார்கள். எப்படி உள்ளே போவது?
— விசைத்தறிக்காரர், பள்ளிபாளையம்

போகும் வழி இன்று திறந்தே இருக்கிறது. 2016 முதல் மத்திய அரசின் 'ஜெம்' கொள்முதல் தளம் இருக்கிறது. உத்யம் பதிவு இருந்தால் குறு, சிறு தொழிலுக்கு டெண்டர் முன்வைப்புத் தொகையில் விலக்கு உண்டு. மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் வருடக் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்று விதி இருக்கிறது.

ஆனால் எடுத்த எடுப்பில் டெண்டர் போடாதீர்கள். டெண்டரில் கேட்பது சாயம் போட்டு ஃபினிஷ் ஆன துணி. உங்களிடம் இருப்பது தறி மட்டும்தான். ஏற்கெனவே சீருடைத் துணி செய்கிற ஒரு பிராசஸிங் மில்லுக்கு இரண்டு வருடம் சாயம் போடாத காடா துணி நெய்து கொடுங்கள். உங்கள் காடா எந்த லட்சணத்தில் இருக்கிறது என்பது அடர் பச்சைச் சாயத்தில்தான் தெரியும். கோரா நிறத்தில் கண்ணுக்கே படாத குறை, சாயம் ஏறியதும் பட்டை பட்டையாக எழும்பும். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: இரண்டு லாட் நூலை ஒரே பாவில் கலந்திருப்பார்கள். ஒரே கவுண்ட், ஒரே மில் நூல் என்றாலும் லாட் மாறினால் பஞ்சு மாறும், சாயம் ஏறுவது மாறும். கோன் பெட்டிகளை லாட் வாரியாகச் சாக்பீஸால் எழுதி அடுக்குங்கள். மீதிக் கோனை அடுத்த பாவில் சேர்க்காதீர்கள், மனசு வலித்தாலும்.

அடுத்தது கரண்ட். மின்சாரம் போய் வரும்போதெல்லாம் தறி நின்று கிளம்புகிற இடத்தில் ஊடை நெருங்கியோ விலகியோ ஒரு கோடு விழும். சட்டைத் துணியில் கடைக்காரர் பார்த்தும் பார்க்காமலும் விடுவார். இங்கே செக்கிங் டேபிளில் அதற்குக் குறைப் புள்ளி போடுவார்கள். புள்ளி ஏறினால் துணி தானாகவே திரும்பி வரும்.

டெண்டர் போடும் நிலைக்கு வந்த பிறகும், துணியைக் கோவை சிட்ராவில் சோதித்துப் பார்க்காமல் அனுப்பாதீர்கள். 1956ல் ஆரம்பித்த ஆராய்ச்சி சங்கம் அது, நம் ஊர் மில்களுக்காகவே இருப்பது. இழுவிசை, கிழிவு, சுருக்கம், வியர்வைக்கும் வெயிலுக்கும் சாயம் நிற்கிறதா என்று எல்லாம் பார்த்துக் கையில் ரிப்போர்ட் கொடுப்பார்கள். சில ஆயிரங்கள் ஆகும். ஒரு லாட் திரும்பினால் ஆகும் நஷ்டத்தோடு ஒப்பிட்டால் அது ஒரு டீச்செலவு.

அப்புறம் பணம். எல்லாரையும்விடக் குறைந்த விலை சொன்னவராக, அதாவது எல்-1 ஆக வேண்டும் என்று அடிமட்ட விலை போடாதீர்கள். என் உறவில் ஒருவர் அப்படிப் போட்டு ஆர்டர் வாங்கினார். மூன்று மாதத்தில் நூல் விலை ஏறியது. நஷ்டத்துக்கு நெய்ய மனம் வராமல் தாமதித்தார். தாமதத்துக்கு வாரம் அரை சதவீதம் என்று அபராதம் பிடித்தார்கள். கடைசியில் எட்டுத் தறியை விற்று அடைத்தார். நூல் விலை பத்து சதவீதம் ஏறினாலும் தாங்குகிற விலையைப் போடுங்கள். கிடைக்காவிட்டால் போகட்டும். பில் இழுத்தடித்தால் சும்மா இருக்காதீர்கள். 2006ஆம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டி. அதற்கான அரசு இணையதளத்தில் புகார் பதியலாம். கேட்பதில் கூச்சம் வேண்டாம், அது உங்கள் உழைப்புக்கான காசு.

ஐயா, என் கணவர் ராணுவத்தில் இருக்கிறார். லீவில் வரும்போது புது யூனிஃபார்மைத் துவைத்துக் கஞ்சி போட்டுக் கொடுத்தேன். "இதுக்குக் கஞ்சியே போடக் கூடாது" என்கிறார். அப்பா காலத்தில் கஞ்சி போடாமல் போட மாட்டாரே?
— வாசகி, வேலூர் மாவட்டம்

அவர் சொல்வதுதான் சரி, அம்மா. உங்கள் அப்பா காலத்து ஓ.ஜி. பருத்தித் துணி. அதை மொடமொடவென்று கஞ்சி போட்டு, மடிப்பு கத்தி மாதிரி நிற்க இஸ்திரி போடுவார்கள். உங்கள் வீட்டில் இப்போது இருப்பது 2022 ஜனவரி 15, ராணுவ தினத்தன்று முதலில் காட்டிய புதுச் சீருடையாக இருக்கும். நிஃப்ட் எனும் தேசிய ஆடை வடிவமைப்புக் கல்வி நிறுவனத்தோடு சேர்ந்து வடிவமைத்தது. 70 பங்கு பருத்தி, 30 பங்கு பாலியெஸ்டர். சீக்கிரம் காய வேண்டும், வேர்வை போக வேண்டும் என்பதற்கான கலவை. கஞ்சி போட்டால் துணியில் காற்றுப் போகும் நுண்துளையெல்லாம் அடைபடும். மினுமினுப்பும் வரும். மறைந்து நிற்கும் உடைக்கு மினுமினுப்பு ஆகாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 'பளிச் வெண்மை' என்று விற்கும் சலவைத் தூள் வேண்டாம். அதில் வெண்மை கூட்டும் ஒரு பொருள் சேர்ப்பார்கள். அது துணியில் தங்கி, மங்கிய வெளிச்சத்தில்கூட உடையை எடுத்துக் காட்டும். ராணுவப் பச்சைக்குச் சாயம் தேர்ந்தெடுப்பதே கண்ணுக்காக மட்டும் இல்லை. பச்சை இலை, நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை நிறையத் திருப்பி அனுப்பும். தப்பான சாயத்தில் போட்ட துணி பகலில் இலையோடு இலையாகத் தெரியும். இருட்டில் பார்க்கும் கருவியில் பார்த்தால் இலைக்கூட்டத்தை விட்டுத் தனியே பிரிந்து நிற்கும். அதனால் எளிதில் வெளுக்காத வேட் சாயங்களில் பொறுக்கி எடுத்துக் கலப்போம். அந்த உழைப்பை ஒரு கரண்டித் தூள் கெடுத்துவிடும். சாதாரண சோப்பு, பச்சைத் தண்ணீர், உள்பக்கம் திருப்பி நிழலில் உலர்த்துங்கள். பிளீச் கிட்டேயே போகக் கூடாது.

என் தாத்தா பெரம்பூர் பி அண்ட் சி மில்லில் இருந்தார். "வெள்ளைக்காரன் பட்டாளத்துக்குக் காக்கி நெய்தோம்" என்பார். உண்மையா?
— வாசகி, வியாசர்பாடி

முழு உண்மை. பின்னி கம்பெனியின் பக்கிங்ஹாம், கர்நாடிக் மில்களின் காக்கி டிரில் அந்தக் காலத்தில் பெயர் பெற்ற சரக்கு. முதல் உலகப் போரில் இந்தியாவிலிருந்து லட்சக்கணக்கில் சிப்பாய்கள் கப்பலேறினார்கள். அவர்களுக்கு உடுப்பு, கூடாரம், கம்பளி எல்லாம் இங்கிருந்துதான் போயின. கான்பூரிலும் பஞ்சாபின் தாரிவாலிலும் கம்பளி மில்கள், சென்னையில் உங்கள் தாத்தாவின் மில்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. மில்லுக்குப் போர்க்கால ஆர்டர் குவிந்தது. தொழிலாளிக்கோ அரிசி விலை ஏறியது, வேலை நேரம் குறையவில்லை. செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் முன்கை எடுக்க, 1918 ஏப்ரல் 27 அன்று பி.பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. திரு.வி.க. துணை நின்றார். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று அதைத்தான் சொல்கிறோம். 1921 வேலைநிறுத்தத்தில் துப்பாக்கிச் சூடு வரை போனது. 1996ல் மில் மூடப்பட்டது. தாத்தா பாஸ், சம்பளச் சீட்டு என்று ஏதாவது வைத்திருந்தால் பத்திரப்படுத்துங்கள், தூக்கிப் போடாதீர்கள்.

என் மகன் ராணுவ டிசைன் டி-ஷர்ட் போடுகிறான். போலீஸ் பிடிக்குமா?
— வாசகர், திண்டுக்கல்

இலை இலையாகப் போட்ட பொதுவான டிசைனுக்கு யாரும் பிடிப்பதில்லை. படைவீரர் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற எண்ணத்தோடு படையினரின் உடை மாதிரி அணிவதுதான் குற்றம், பாரதிய நியாய சன்ஹிதா 168ஆம் பிரிவு. புதுச் சீருடையின் டிசைன் ராணுவத்தின் பேரில் பதிவாகியிருக்கிறது. அதைப் பார்த்து அச்சடித்துக் கடையில் விற்பது சட்ட மீறல். எந்தக் கடையில் அது தொங்கினாலும் வாங்காதீர்கள்.

சியாச்சினுக்கான உடையை மட்டும் ஏன் வெளிநாட்டில் வாங்குகிறோம்? நம்மால் முடியாதா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், நாமக்கல்

1984 முதல் அங்கே நம் ஆட்கள் நிற்கிறார்கள். இத்தனை வருடம் கழித்தும் வெளியில் வாங்குவது எனக்கும் உறுத்தல்தான். அது ஒரு துணி சமாச்சாரம் என்றால் எப்போதோ செய்திருப்போம். அடுக்கடுக்கான உடை அது. உடம்பை ஒட்டிய அடுக்கு வேர்வையை உறிஞ்சி வெளியே தள்ள வேண்டும், நடு அடுக்கு சூட்டைப் பிடித்து வைக்க வேண்டும், மேல் அடுக்கு காற்றையும் பனியையும் தடுத்து ஆவியை மட்டும் வெளியே விட வேண்டும். ஏறும்போது வேர்த்து, நின்றதும் அந்த வேர்வை உறைந்தால் ஆளே போய்விடுவார். இதற்கான சவ்வும் இழையும் நம்மிடம் பெரிய அளவில் இல்லை. 2020ல் லடாக்கில் பதற்றம் வந்தபோது அமெரிக்காவிடம் அவசரமாகக் குளிருடை வாங்க வேண்டி வந்தது.

நல்ல செய்தியும் உண்டு. 2021 டிசம்பர் 27 அன்று ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ. தான் உருவாக்கிய மூன்றடுக்குக் குளிருடைத் தொழில்நுட்பத்தை ஐந்து இந்திய நிறுவனங்களுக்குக் கொடுத்தது. 15 டிகிரியிலிருந்து மைனஸ் 50 டிகிரி வரை குளிருக்குத் தக்கபடி அடுக்கைக் கூட்டிக் குறைத்துப் போடலாம். இனி மில்கள் செய்ய வேண்டியது, அந்தச் சவ்வையும் இழையையும் இங்கேயே செய்வது. திருப்பூரின் விளையாட்டு உடைக்காரர்கள் மனசு வைத்தால் முடியும் என்று நம்புகிறேன்.

அமெரிக்காவில் படைக்கு உள்நாட்டுத் துணி மட்டும்தானாமே?
— வாசகர், கரூர்

ஆமாம். 1941ல் வந்த பெர்ரி திருத்தம். உடை தைப்பது மட்டும் போதாது. இழை, நூல், துணி எல்லாமே அமெரிக்காவில் ஆனதாக இருக்க வேண்டும். விதிவிலக்குகள் சில உண்டு. துணி ஆலைகள் பெரும்பாலும் வெளிநாட்டுக்குப் போய்விட்ட நாட்டில், மிச்சமிருக்கும் பல மில்களுக்கு இந்தச் சட்டம்தான் பிடிமானம். நம் 2017ஆம் ஆண்டு மேக் இன் இந்தியா கொள்முதல் ஆணை உள்நாட்டுப் பங்கைச் சதவீதத்தில் அளக்கிறது. படை உடைக்கு மட்டுமாவது இழையிலிருந்தே கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

அப்பா ஆவடி படை உடைத் தொழிற்சாலையில் 34 வருடம் தையல். இப்போது அங்கே பழைய மாதிரி ஆர்டர் இல்லை என்று வருத்தப்படுகிறார். ஏன் இப்படி?
— வாசகி, ஆவடி

1961ல் தொடங்கிய தொழிற்சாலை அது. ராணுவம் இத்தனை வேண்டும் என்று எழுதிக் கொடுக்கும், அவர்கள் தைப்பார்கள். பல பத்தாண்டுகள் அப்படித்தான். 2017ல் ஏழாவது ஊதியக் குழுவின்படி ஜவான்களுக்கு வருடம் 10,000 ரூபாய் உடைப்படி வந்தது. அதே சமயத்தில், வெளிச்சந்தையிலும் வாங்கலாம் என்று ஒதுக்கிய பொருள்களில் உடைகளும் சேர்ந்தன. 2021 அக்டோபர் 1 அன்று இந்தத் தொழிற்சாலைகளை நடத்திய ஆர்டனன்ஸ் போர்டே கலைந்து ஏழு நிறுவனங்கள் ஆயின. ஆவடி, ஷாஜகான்பூர், கான்பூர், ஹஸரத்பூர் தொழிற்சாலைகள் 'ட்ரூப் கம்ஃபர்ட்ஸ்' என்ற நிறுவனத்துக்குக் கீழே வந்தன. இனி அவர்களும் டெண்டரில் தனியாரோடு நிற்க வேண்டும்.

தனியார் மில்லில் சம்பளம் வாங்கிய நான், போட்டியே கூடாது என்று சொன்னால் அது நேர்மை ஆகாது. ஆனால் ஒன்றைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். படை உடை தைத்துப் பழகிய ஒரு கட்டரின் மேசையில் எங்கள் துணியை அடுக்கு விரிக்கிறார்கள். ஒரு பீஸ் வந்ததும் அவர் கை நின்றது. ஓரத்தை மடித்து நடுவோடு வைத்துப் பார்த்தார், எடுத்துத் தனியே போட்டார். லைட் பாக்ஸில் பாஸ் ஆன பீஸ் அது. வெளியே எடுத்துப் போய்ப் பார்த்தேன். அவர்தான் சரி. அந்தக் கண் வர இருபது வருடம் ஆகும். ஆர்டர் இல்லை என்று அப்படிப்பட்டவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டால், அவசரம் வரும்போது யாரைத் தேடுவது? 2020ல் கொரோனா வந்தபோது இதே ஆவடியில்தான் மருத்துவர்களுக்கான முழு உடல் கவச உடை தைத்தார்கள். எவ்வளவு போட்டி வந்தாலும், ஆண்டுதோறும் இவ்வளவு என்று ஒரு அடிப்படை ஆர்டரை அங்கே உறுதி செய்ய வேண்டும். உங்கள் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள், அம்மா.

நீங்கள் சாயம் போட்ட துணியை யாராவது போட்டிருப்பதைப் பார்த்ததுண்டா?
— வாசகர், பவானி

பார்த்திருக்கலாம். ஆனால் எது எங்கள் மில் துணி என்று சொல்ல முடியாது. சொல்ல முடிந்தால் நிறம் தப்பு என்று அர்த்தம்.

போன வருடம் சேலம் ஜங்ஷனில் ரயிலுக்கு நின்றிருந்தேன். பக்கத்துப் பெஞ்சில் சீருடையில் ஒரு பையன், இருபத்திரண்டு வயது இருக்கும், ராஜஸ்தானிலிருந்து லீவில் வந்துகொண்டிருந்தான். பழக்க தோஷம், என் கண் அவன் கைக்கும் தோளுக்குமாகத் தையலைத் தேடிப் போனது. நிறம் பிரியவில்லை. துணி எப்படி இருக்கிறது தம்பி என்று கேட்டேன். "துணி நல்லாருக்குங்க. கழுத்துல இருக்கற லேபிள்தான் வேர்த்தா அறுக்குது" என்று காலரைத் திருப்பிக் காட்டினான். லேபிளைப் பிளேடால் எடுத்திருந்தான். தையல் நுனி இரண்டு மட்டும் நின்றது, கீழே தோல் சிவந்திருந்தது.

லேபிள் எங்கே வர வேண்டும் என்பதும் விவரக்குறிப்பில் எழுதியிருக்கும். தைக்கிறவர் தன் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. அதனால் உரிய அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதி, லேபிளை உள் பக்கத்துப் பக்கவாட்டுத் தையலில் வைத்த ஒரு சட்டையையும் என் மருமகனிடம் தைத்து வாங்கி உடன் அனுப்பியிருக்கிறேன்.